முதுகு மூழ்கும் அளவு தண்ணீர்

செப்டம்பர் 19

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் மகன் ட்ரெவர் வந்தான். இருந்தது ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் அவன் மனைவி கோரின் படகுத்துறைச் சரளையில் உட்கார்ந்து ஓர் ஆமைக்குஞ்சைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். கடிக்கிற ஆமை. ஆகஸ்ட் தோறும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் அண்டா அண்டாவாகச் சூப் வைக்கிறோமே, அதே இனம்.

"மாமா, இது ரொம்ப சோர்ந்து கெடக்கு. குளிரும் வந்துடுச்சு. எங்க ஃப்ளாட்ல வளர்க்க விடமாட்டாங்க. மே மாசம் வரைக்கும் வச்சிருங்க. நாங்க ரெண்டு பேரும் வந்து ஏரியில விட்டுடறோம்."

நாங்க ரெண்டு பேரும். அந்த மூன்று சொல்லுக்காகத்தான் தலையாட்டினேன். இல்லாவிட்டால் அதைத் தூண்டிலில் கோத்திருப்பேன்.

செப்டம்பர் 22

மில்வாக்கியிலிருந்து கோரின் இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறாள். முதுகு மூழ்கும் அளவுதான் தண்ணீர் வேண்டுமாம். ஆழம் கூடாதாம், குஞ்சுக்குச் சரியாக நீந்த வராதாம். ஒளிந்துகொள்ள ஓக் இலை. ஒரு பக்கம் சூட்டு விளக்கு.

ஆமைக்கு நீந்த வராதாம்! நாற்பது வருஷமாக ஏரிக்கரையில் மீன் இரைக் கடை வைத்திருக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறாள். கல்யாணத்துக்கு இறைச்சியே இல்லாமல் விருந்து போட்டவள். "இதென்ன, முயல் தீவனமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்குத்தான் இந்த மூன்று வருஷ மௌனம். இப்போதும் கேட்பேன். தீவனம்தான் அது.

கடையில் பொடிமீன் விட்டிருக்கும் தொட்டியில் போட்டேன். முழங்கை ஆழம்.

செப்டம்பர் 23

காலையில் அடியில் கிடந்தது. வாய் திறந்து, கால் அசையாமல். எடுத்துத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மாற்றினேன். முதுகு மூழ்கும் அளவு தண்ணீர். அவளிடம் சொல்லப்போவதில்லை.

நவம்பர் 8

மண்புழுவை நறுக்கிப் போட்டால் கவ்வுகிறது. தின்றுவிட்டு இலைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. நாற்றம் தாங்கவில்லை, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுகிறேன். அதற்கு நன்றியாக என்னைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. ஜந்து.

டிசம்பர் 25

ட்ரெவர் போனில் பேசினான். எனக்கு வாழ்த்து அரை நிமிடம், ஆமையைப் பற்றிப் பத்து நிமிடம். பேசட்டும். பத்து நிமிடம் பேசினானே.

பிப்ரவரி 3

பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்துவிட்டு டெல்மரும் இன்னும் இரண்டு வெட்டிப்பயல்களும் கடைக்கு வந்தார்கள்.

"என்னய்யா ஹார்லன், மருமக பேச்சைக் கேட்டு ஆமைக்கு ஆயா வேலை பாக்கிறியாமே?" என்றான் டெல்மர்.

சுருக்கென்றது. ஆமையை வாலைப் பிடித்துத் தூக்கி, அவர்கள் மூக்குக்கு நேராகச் சுழற்றிக் காட்டினேன். என் அப்பா அப்படித்தான் தூக்குவார். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 4

பின்கால் இரண்டும் இழுபடுகின்றன.

பிப்ரவரி 6

கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வால்ல பிடிச்சுத் தூக்கினீங்களா? வாலும் முதுகெலும்புதானே சார்." பிழைத்துக்கொள்ளுமாம். ஏரியில் விட முடியாதாம்.

எத்தனை ஆமையை அப்படித் தூக்கியிருப்போம்! சூப்புக்குப் போகிற ஆமை அப்புறம் நடக்கிறதா என்று யார் பார்த்தது?

போன் செய்தேன். கோரின்தான் எடுத்தாள். தொட்டியிலிருந்து விழுந்துவிட்டது என்றேன்.

"ஐயோ மாமா, மூடி போடணும்னு நான் எழுதவே இல்லையே. என் தப்பு" என்று அழுதாள்.

அவள் தப்பாம். சே! நீயெல்லாம் ஒரு மனுஷனாடா ஹார்லன்?

பிப்ரவரி 7

மறுபடி கூப்பிட்டேன். டெல்மர் சிரிக்கவேண்டும் என்று வாலைப் பிடித்துத் தூக்கினேன், நேற்று சொன்னது பொய் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 12

இரண்டு மாதமாகப் போன் இல்லை. மே மாதத்தில் இனி என்ன இருக்கிறது? விட ஆமையும் இல்லை, வர ஆளும் இல்லை.

வலது கால் கொஞ்சம் உதைக்கிறது. இடது இல்லை.

டெல்மர் வந்து தொட்டிக்குள் கையை நீட்டினான். "வால்ல கை வச்சே, ஒடிச்சிடுவேன்" என்றேன். முறைத்துக்கொண்டு போனான். போகட்டும், முட்டாள். என்னைப் போலவே.

மே 17

பதினோரு மணிக்குக் கார்ச் சத்தம். கோரின் நேராகத் தொட்டிக்குப் போனாள். வெகுநேரம் பார்த்தாள். அவளைப் பார்த்தும் அது வாயைப் பிளந்தது. வெளியே ட்ரெவர் காரிலிருந்து துணிப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பெட்டி.

விரலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"தண்ணி ஒரு விரக்கடை அதிகம்."

"சரிம்மா" என்றேன். குவளையால் மொண்டேன்.

"இன்னும் கொஞ்சம்."

மொண்டேன்.