மச்சானோடு பேசாமல் ஒரு போட்டி

அக்டோபர் 14, செவ்வாய்

ஐம்பத்தொரு வயது ஆள் செய்கிற வேலை இல்லைதான். காலையில் ஜோகுபாளையம் டீக்கடையில் பன் இறக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஓஸ்வால்ட் மச்சான் வந்தார். பன் தட்டை அப்படியே முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் நின்று நிதானமாக ஒரு டீ குடித்து, கிளாஸை வைத்து, சில்லறை வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் பிடித்திருந்தேன். கை விட்டே போய்விட்டது. பன்னுக்கு வெயில் காட்டுகிறாயா கில்பர்ட்டு என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மச்சான் என் பெண்டாட்டி லீனாவின் அண்ணன். நாலு வருஷமாக என்னோடு பேச்சில்லை. தப்பு என்னுடையது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்குக் கை வலி.

அக்டோபர் 15, புதன்

சாயங்காலம் ஜூலியா வந்தாள். மச்சானின் மகள், ஐடி கம்பெனியில் இருக்கிறாள். நவம்பர் முப்பதாம் தேதி, ஹொசக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரியில் போட்டியாம். ட்ரயத்லான். ஒன்றரை கிலோமீட்டர் நீந்த வேண்டும், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஒரே ஆள் மூன்றையும் செய்யலாம், மூன்று பேர் பிரித்துக்கொண்டும் செய்யலாம். ஓடுவது அவள். சைக்கிளுக்கு நான் வேண்டுமாம்.

ஏன், அங்கே ரொட்டி டெலிவரி இருக்கா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. நீச்சலுக்கு அப்பா என்றாள்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பினால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்பா நாலு வருஷமா தண்ணில கால் வெக்கல மாமா. இதுக்குத்தான் ஒத்துக்கினார்."

"சைக்கிள் நான்தான்னு தெரியுமா அவருக்கு?"

"தெரியும். வர்றவன் வரட்டும், எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னார். பேசினா அங்கியே விட்டுட்டு கெளம்பிடுவாராம். நீங்க பேசாம இருப்பீங்களா?"

சமையலறையிலிருந்து லீனா, "இவரா?" என்றாள்.

அதோடு சரி. வெங்காயம் நறுக்குகிற சத்தம் தொடர்ந்து வந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

ஜூலியா கல்யாண ரிசப்ஷனில் மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நம் ஆட்கள் கல்யாணத்தில் மைக் என்றால் கில்பர்ட்தான். மச்சான் அப்போது ஒரு கிளப்பில், நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு நாள் தண்ணீருக்குள் அவருக்கு இரண்டு காலும் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த எழுபது வயது மேடம் ஒருவர்தான் அவரைக் கரைக்கு இழுத்து வந்திருக்கிறார். இதை மச்சான் என் ஒருத்தனிடம் மட்டும் சொன்னார். நான் மைக்கில் முந்நூறு பேருக்குச் சொன்னேன். மேடம் எப்படி இழுத்தார், மச்சான் எப்படி வந்தார் என்று நடித்தும் காட்டினேன். மண்டபமே குலுங்கியது. கிளப் ஆட்களும் இரண்டு மேஜை நிறைய இருந்தார்கள்.

அடுத்த வாரம் மச்சானைக் குளத்திலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிற கார் நம்பரை எழுதுகிற வேலை.

மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. வாயில் வருவதையெல்லாம் இதில் எழுதித் தொலையுங்கள் என்று லீனா நோட்டு வாங்கிக் கொடுத்தாள். இது நான்காவது நோட்டு.

வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வாத்தியாரும் என்னிடம் இதைத்தான் கேட்டார். என்னால் முடியவில்லை, படிப்பை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஜூலியா புருஷன் நீல் தன்னுடைய கியர் சைக்கிளைக் கொடுத்திருக்கிறான். ஒரு விரலால் தூக்கலாம். சீட்டைச் செய்தவன் மனுஷன் உட்கார்ந்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஜீவனஹள்ளி ரயில்வே கேட் பக்கம் இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை விழவில்லை, சாய்ந்தேன்.

காலையில் என் சைக்கிளில் நாற்பது கிலோ ரொட்டிப் பெட்டியோடு கடை கடையாக லைன் சுற்றுவது, மாலையில் இதில். பெட்டி இல்லாத சைக்கிள் காற்றில் பறக்கிறது.

மச்சான் கார்ப்பரேஷன் நீச்சல் குளத்துக்குப் போகிறாராம். முதல் மூன்று நாள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாராம். நாலாம் நாள்தான் இறங்கினாராம். ஜூலியா சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்குப் போனோம். மச்சான் முன்னாடியே வந்து சுத்தம் செய்து, சாமந்தி வைத்து முடித்திருந்தார். இடம் கொஞ்சம்தான். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் மாமனார்.

அவர் மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. மூன்று தீக்குச்சி. நாலாவதுக்கு நான் குனிந்து இரண்டு கையையும் குவித்து வைத்தேன். ஏற்றினார். எழுந்து போய்விட்டார்.

பேசவில்லை நான். லீனாவே ஆச்சரியப்பட்டுப்போய், திரும்பும்போது பரோட்டா வாங்கிக் கொடுத்தாள்.

நவம்பர் 15, சனி

முப்பத்தெட்டு கிலோமீட்டர். விழவில்லை. சீட் பற்றி எழுத விருப்பமில்லை.

நவம்பர் 29, சனி

சென்னைப் பக்கம் புயலாம். அங்கே புயலென்றால் இங்கே மூன்று நாள் சூரியனைக் காணோம், தூறலும் குளிரும். நாளைக்குக் கோவிலுக்குப் போக முடியாது என்று இன்றே மாலைப் பூசைக்குப் போய்வந்தோம். போட்டியை ரத்து செய்துவிடுவார்களா என்று கேட்டேன். செய்யமாட்டார்கள் என்றாள் ஜூலியா.

ரத்து செய்தால் நல்லது என்று நினைத்தேனா? நினைத்தேன். மழைக்குப் பயந்து இல்லை. நான் வாய் திறந்துவிட்டால் அந்த மனுஷன் மறுபடி படிக்கட்டுக்குப் போய்விடுவார், அதற்குத்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆறு மணிக்கு ஏரிக்கரை. சாரல் மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் அடித்தது. ஏரியில் அலை. மைக்கில் இங்கிலீஷில் சொன்னதை ஜூலியா எனக்குச் சொன்னாள்: தண்ணீர் ரொம்பக் குளிர், வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்குள் கரை ஏறாதவர்கள் போட்டியில் இல்லை. பத்துப் பதினைந்து பேர் விலகினார்கள். மச்சான் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, ஜூலியா கையில் கொடுத்தார்.

அவர் கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டை. அதற்குள் இருக்கிற சிப்தான் நேரத்தைக் கணக்கெடுக்கும். நீந்தி முடித்தவர் கழற்றி சைக்கிள்காரனிடம் கொடுக்கணும், அவன் கட்டிக்கொண்டு போய்வந்து ஓடுகிறவளிடம் கொடுக்கணும். பட்டை இல்லாமல் போனால் போனதே கணக்கில் இல்லை.

சைக்கிள் ஸ்டாண்ட் கரை மேட்டில். அங்கிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிஷத்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஐம்பது நிமிஷத்தில் தண்ணீரில் ஐந்து தலை. அப்புறம் மூன்று. அப்புறம் ஒரே ஒரு ஆரஞ்சுத் தொப்பி.

ஒரு கை மேலே வரும். நிற்கும். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கை வரும். மீட்புப் படகு பக்கத்தில் போனது. படகில் இருந்தவன் குனிந்து கையை நீட்டினான். ஏறினால் முடிந்தது. நான் அன்றைக்கு மண்டபத்தில் நடித்துக் காட்டியதும் இதேதான் — ஒருத்தர் கையை நீட்டுகிறார், மச்சான் இழுபட்டு வருகிறார். முந்நூறு பேர் சிரித்தார்கள். இன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜூலியா அந்த மடித்த சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் தலையைத் தூக்கி ஏதோ சொன்னார். படகுக்காரன் கையை இழுத்துக்கொண்டான், படகு கொஞ்சம் தள்ளிக் கூடவே வந்தது.

ஐம்பத்தேழு நிமிஷம். கரை.

மேட்டில் தடுமாறி ஏறி வந்தார். உதடு நீலம். நெற்றியில் நீச்சல் கண்ணாடி, தலையில் அந்தத் தொப்பி, மீசையில் தண்ணீர் சொட்டுகிறது. ஃப்ரிட்ஜில் மறந்துபோன கமலாப்பழத்துக்கு மீசை ஒட்டின மாதிரி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்தேன், அப்படியும் அது வெளியே வரப் பார்க்கிறது. நாலு வருஷம், ஒன்றரை கிலோமீட்டர், எல்லாம் ஒரு கமலாப்பழத்தில் போய்விடும். தப்பிக்க ஒரு வழிதான் தோன்றியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஏறி மிதித்தேன்.

"மாப்ளே."

பிரேக் பிடித்தேன். பின்னாலே மச்சான், ஈர டிராயரோடு, ஜல்லி மேல் வெறும் காலில் ஓடி வருகிறார்.

"பட்டை" என்று காலைக் காட்டினார்.

குனிந்து கழற்றப் பார்த்தார். குளிரில் விரல் மடங்கவில்லை. நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். கால் ஐஸ். பெருவிரலில் ஜல்லி குத்தி ரத்தம். அந்தக் காலைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"மன்னிச்சிருங்க மச்சான்."

"மொதல்ல பட்டைய கட்டுடா. டைம் போவுது."

கட்டினேன். போனேன்.

போகிறபோது முழுக்க எதிர்க்காற்று, ரோடெல்லாம் தண்ணீர். வளைவில் இரண்டு பேர் வழுக்கி விழுந்து கிடந்தார்கள். நான் வளைவில் ரொட்டிப் பெட்டி பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினேன். நேர் ரோட்டில் மேம்பாலம் ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு பேரைத் தாண்டினேன். ஒருத்தரிடம் பன் வேணுமா என்று கேட்டேன். பேசக்கூடாது என்றது மச்சானிடம் மட்டும்தானே.

ஜூலியா சேற்றில் ஓடி முடித்தாள். இருபத்தொரு டீமில் பதினெட்டாவது.

கூடாரத்தில் டீ கொடுத்தார்கள். மச்சான் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன்.

"கெளம்பறதுக்கு முன்னால என்னைப் பாத்து இன்னாவோ சொல்ல வந்த. இன்னா அது?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"சொல்லு."

சொன்னேன். கமலா, ஃப்ரிட்ஜ், மீசை எல்லாம்.

அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுமாராதான் இருக்கு" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த மேடம் கதைய நல்லாதான் சொன்ன. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்."

என் பிஸ்கட்டை எடுத்து அவர் டம்ளர் மேல் வைத்தேன். தோய்த்துச் சாப்பிட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

முட்டி வலி. இடுப்பு வலி. ரொட்டி லைன் நாளைக்குத்தான்.

டிசம்பர் 13, சனி

மச்சான் கிளப்பில் இன்னும் கேட்டில்தான். சனிக்கிழமை எட்டு மணிக்கு மட்டும் கார்ப்பரேஷன் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். கற்றுக்கொள்ள இரண்டு பேர். தீபிகா என்று ஆறு வயதுப் பெண், அப்புறம் நான். தீபிகா மிதக்கிறாள்.

இன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பலமாக மூச்சை ஊதச் சொன்னார். ஊதினேன். மேல் வரிசையில் கட்டியிருந்த பல் செட், நாலு பல், கழன்று போய்விட்டது. தரை சரிவு. ஆழப் பக்கம் போய்ச் சேர்ந்தது. எட்டடி. மச்சான் மூன்றாவது முங்கில் எடுத்துவந்தார். குழாயில் கழுவிப் போட்டுக்கொண்டேன். என் பல்லுக்காகக் கரையில் காத்திருந்த ஒன்பது மணி பேட்ச் ஒன்பது இருபதுக்குத் தண்ணீரில் இறங்கியது.