அக்காவின் இருநூற்றுப் பதினாலு

என் ஞானம் அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தால் இந்நேரம் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

நீ கடைசி நாள்வரை ஆபரேட்டராக இருந்த தக்கலை ஆஸ்பத்திரியில் போனெல்லாம் மாறுகிறது. பழைய கட்டடத்தில் உன் பழைய எக்ஸ்சேஞ்ச்; பின்னால் எழும்பிய கட்டடத்தில் கம்ப்யூட்டர் வழி ஓடும் புதியது. வார்டு வார்டாகத்தான் மாற்ற முடியும். அதுவரை இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பிரசவ வார்டு பழையதில் இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் இன்று மத்தியானம் முதல் புதியதில். இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

டெலிபோன் இலாகாவில் ரிட்டயர் ஆனவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கென்ன தெரியும் என்று மறுத்தேன். "லேய், படிச்சதையெல்லாம் பரண்ல ஏத்தி வச்சிருக்கியா?" என்று நீ கேட்பது போலிருந்தது. போனேன்.

நேற்று எல்லாம் சுற்றிப் பார்த்தேன். இன்று காலையில் சோதனை. புதிய சிஸ்டம் போட வந்த எஞ்சினியர் ஷீபா, குளச்சல்காரி. பிரசவ வார்டிலிருந்து முதல் அழைப்பு. தியேட்டரில் மணி அடித்தது! கைதட்டிவிட்டு, வெட்கப்பட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுத்த அழைப்பு போகவில்லை. இணைப்பின் எல்லா லைனும் பிஸி. பேசுகிறவர் ஒருவருமில்லை.

"சாரே, இது பேயாக்கும்!" என்றாள் ஷீபா.

திரையைப் பார்த்தேன். வரிக்கு வரி ஒரே எண். 214. உன் எண், அக்கா.

தெரியாத எண் வந்தால் எதிர்ப்பக்கம் தள்ளு என்று இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். நீ போனபின் பழையதில் உன் எண்ணை எடுத்துவிட்டார்கள். புதியதில் சேர்க்கவே இல்லை. இது அங்கே தள்ள, அது இங்கே தள்ள, ஒரே அழைப்பு ஒவ்வொரு நடைக்கும் ஒரு லைனைப் பிடித்து இணைப்பையே அடைத்துவிட்டது.

யார் அடித்தது? பிரசவ வார்டு லில்லி சிஸ்டர்.

"டாக்டரை விளிக்கணும்னு நெனச்சேன் சாரே, கை தானா அக்காவுக்க நம்பருக்குப் போச்சு. அவியட்ட ஒரு வாக்கு சொன்னா போதுமே, மத்தத அவியளே பாத்துக்கிடுவாவ."

எந்தப் பக்கத்திலிருந்து வந்த அழைப்பையும் அந்தப் பக்கமே திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். நேற்றே தோன்றியது, சொல்லக் கூச்சம். இப்போது சொன்னேன்.

"எனக்க தங்க சாரே, இத நேத்தே வாயத் தொறந்து சொல்லப்படாதா?" என்றாள் ஷீபா.

இரண்டு பக்கமும் விதியைச் சேர்த்தாள். லைன்கள் விடுபட்டன. எத்தனை முறை அடித்தாலும் தியேட்டரில் மணி!

"அப்போ 214 வேண்டாம்தானே?" என்றாள்.

"வேணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவசரத்துல கை அங்கதான் போகும். லில்லி சிஸ்டருக்கு மட்டுமா?"

எந்தக் கட்டடத்திலிருந்து அடித்தாலும் உன் எண் இனி புதிய ஆபரேட்டரின் மேசையில் ஒலிக்கும்.

மத்தியானம் நான் அங்கே நிற்கும்போதே ஒலித்தது. லில்லி சிஸ்டர்தான், மறுபடியும் அதே கை! ஆபரேட்டர் தியேட்டருக்குக் கொடுத்தாள். ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் சுகம். கேட்டாயா அக்கா?

கடைசி வார்டும் மாறி உன் பழைய எக்ஸ்சேஞ்சை அணைக்கும் நாளில் நானும் அங்கே நிற்பேன். அணைந்ததும் 214 அடிப்பேன். யாராவது எடுக்கும்வரை போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்று வாயைத் திறந்துவிட்ட உன் தம்பி
செல்வராஜ்