ராகிக் கொல்லையில் சேற்றுப்பாறை

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மதியம் ஆட்டத்துக்கு ரூபாவும் பிரவீனும் வந்தார்கள். வீட்டுக்கார அம்மா படியில் நிறுத்தி, சீட்டாட்டமா என்று கேட்டார். இல்லை, கதை விளையாட்டு என்றேன். நான் கதை சொல்வேன், அவர்கள் இருவரும் கதைக்குள் வேடம் போட்டுக்கொள்வார்கள், சண்டை வந்தால் அடி பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். எல்லாம் கேட்டுவிட்டு, சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொன்னார்.

ரூல்புக்கில் இருக்கிற டிராகன்கள் சலித்துவிட்டன. போன மாதம் டிராகன் வந்தபோது பிரவீன் கொட்டாவி விட்டான். அதனால் இந்தமுறை சொந்தச் சரக்கு. பெயர் சேற்றுப்பாறை. லாரி உயரம், உடம்பு முழுக்கக் காய்ந்த சேறு, பொழுது சாயும்போது ஏரியிலிருந்து எழுந்து ராகிக் கொல்லைக்குள் இறங்கும்.

பிரவீன் மந்திரவாதி, ரூபா வாள்காரி. பாறை காவல் பரணைச் சாய்க்கும் இடத்தில் சத்தத்துக்காக ஒரு பென்சிலை உடைத்தேன். பிரவீன் சிரித்தான். ரூபா பகடையைக் கீழே வைத்தாள். நாளைக்குச் சீக்கிரம் எழ வேண்டும், கிளம்புகிறேன் என்றாள். காபி பாதி அப்படியே.

அவ்வளவு மோசமாகவா சொன்னேன்? பென்சில் கொஞ்சம் அதிகமோ.

நவம்பர் 18, செவ்வாய்

குளிர். ஸ்வெட்டர் பெட்டியில் எங்கோ.

கேன்டீனில் பிரவீன் சொன்னான். கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி ரூபா வீட்டாருக்கு ராகிக் கொல்லை. போன அறுவடைக்கு முன்னால் யானை வந்து பரணைத் தள்ளிவிட்டது. மேலே அவள் அப்பா. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நடக்கிறார், ஆனால் அதன்பிறகு கொல்லைப் பக்கமே போகவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் பிரவீன் நினைத்திருக்கிறான்.

ரூபாவும் நானும் ஒரே டிசைன் செக்‌ஷன், பக்கத்துப் பக்கத்து சீட். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டாள், அவ்வளவுதான் தெரியும். என்ன உடம்புக்கு என்று நான் கேட்டதே இல்லை.

பாறையை எடுத்துவிடுகிறேன். பதிலாக எலும்புக்கூடுகள். பாழடைந்த கோட்டை, துருப்பிடித்த ஈட்டி. எலும்புக்கூட்டுக்கு வயிறும் கிடையாது, ஊரும் கிடையாது. அதனால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.

தக்காளி, பால், மிக்ஸி ஜார் வாஷர்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். எலும்புக்கூடுகள் வந்தன, விழுந்தன, மறுபடியும் வந்தன. ரூபா பகடையைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எங்க?"

"எது?"

"பாறை. போன வாரம் வந்துச்சே."

ஏரிக்குத் திரும்பிப் போய்விட்டது என்றேன். குரல் எனக்கே நம்பும்படி இல்லை. பிரவீன் சொன்னானா என்று கேட்டாள். பிரவீன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்ல அதப் பத்தி யாரும் பேசறதில்ல கலை. ஆனைன்னு வாயெடுத்தாலே அம்மா முறைப்பாங்க. இங்கதான் ஒண்ணு வந்துச்சு. நீயும் எடுத்துட்ட."

அப்படியானால் போன வாரம் ஏன் எழுந்து போனாய்? கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். கொல்லவா என்று மட்டும் கேட்டேன். தெரியவில்லை, வரட்டும் என்றாள்.

எடுத்தாலும் தப்பு, வைத்தாலும் தப்பு போல. அல்லது ரெண்டுமே தப்பில்லையோ. தலைவலி மாத்திரை ஒன்று.

நவம்பர் 26, புதன்

மூடுபனி. பஸ் பாகலூர் ரோட்டில் ஊர்ந்தது.

பாறைக்குக் காகிதம் தயார் செய்ய உட்கார்ந்தேன். பலம், தோல் கனம், மிதித்தால் எவ்வளவு சேதம், எல்லாம் எழுதியாயிற்று. எதற்காக வருகிறது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கொல்லத்தான் வருகிறது என்றால் வெறும் மெஷின், டிராகன் மாதிரிக் கொட்டாவிதான் வரும். பசி என்று எழுதினால் ரூபாவால் எப்படி வெட்ட முடியும்? அவள் வெட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையா, வேண்டாம் என்று ஆசையா? இதே யோசனையில் டிராயிங்கின் பழைய ரிவிஷனை அனுப்பி லீடரிடம் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் ரூபா என் சீட்டுக்கு வந்தாள். விளையாட்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னாளாம். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று திட்டுவார் என்று நினைத்திருக்கிறாள். அவரோ, அது எந்தப் பக்கமாக வருகிறது, தனியாகவா கூட்டமாகவா என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

"கூட்டிட்டு வரட்டுமா? பார்க்கணும்ங்கறாரு."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவர் இடுப்புக்கு மாடிப்படி வேறு.

நவம்பர் 30, ஞாயிறு

மறுபடி தூறல். முறுக்கு வாங்கி வைத்தேன்.

ரூபாவின் அப்பா பிரவீன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. வீரன், வைத்தியன், திருடன், எந்த வேடம் வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரூபாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவள் பகடையை எடுத்துக்கொண்டாள். அவரே என் பக்கம் திரும்பினார்.

"நான் அதுவா இருந்தா ஆகுமாம்மா?"

அப்படி ரூல் கிடையாது. மிருகம் எப்போதும் கதை சொல்பவர் கையில்தான். ரூபா முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பாறையின் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். எதற்காக வருகிறது என்ற இடம் இன்னும் காலி.

ஆரம்பித்தேன். பொழுது சாய்கிறது, கதிர் முற்றியிருக்கிறது. அங்கிள், இப்போது என்ன செய்கிறீர்கள்?

நிற்கிறேன் என்றார். ஓரமாக. ரொம்ப நேரம். பரண் பக்கம் ஆள் வாடை அடிக்கிறது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை, சுற்றிக்கொண்டு வருகிறேன். சொல்லும்போது அவர் தலை லேசாக ஆடியது. பிரவீன் முறுக்கை வாயருகே பிடித்தபடி இருந்தான்.

ரூபா எழுந்துவிட்டாள். வாளை உருவிவிட்டேன், முன்னால் நிற்கிறேன் என்றாள். ஆட்டத்தில் பேசும் குரல் இல்லை அது. பகடை உள்ளங்கையில்.

"அங்கிள், அவ வழியில நிக்கிறா. என்ன பண்றீங்க?"

மகளைப் பார்த்தார். நாற்காலியில் இடுப்பை மெல்ல நகர்த்தி உட்கார்ந்தார்.

"தின்னுட்டுப் போறேன்."

"நான் வெட்டினா?"

"வெட்டு. பசி அடங்கற வரைக்கும் தின்னுக்கிட்டுதான் இருப்பேன்."

கீழே வீட்டுக்கார அம்மாவின் டிவி. நான் எதையாவது சொல்லி நகர்த்தியிருக்க வேண்டும், என் வேலையே அதுதான். பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ரூபா உட்கார்ந்தாள்.

"நான் வரப்புல உக்காந்துக்கிறேன்."

அவர் தின்றார். ஒரு பாத்தி முடிந்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், போகிறேன் என்றார். எந்தப் பக்கம் என்று ரூபா கேட்டாள். என் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். அவளும் திரும்பி அங்கே பார்த்தாள், நிஜமாகவே ஏதோ போவது மாதிரி.

பிரவீன் மெதுவாகக் கேட்டான், இப்போ யாரு ஜெயிச்சாங்க என்று. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரூல்புக்கை எடுத்துப் புரட்டினேன். புரட்டிக்கொண்டே இருந்தேன்.