மாவுக்கட்டு போட்ட ஜீப்

டிரைவரே,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் மாவுக்கட்டுத் துண்டைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். முடிவை வீட்டில் முறைப்படி அறிவித்தேன். மேல்தட்டில் ஊறுகாய் ஜாடி வைக்க இடம் கேட்டுப் பல வருஷமாக வாய்மொழியாக மனுச் செய்துவந்த என் மனைவி, "இப்பவாவது புத்தி வந்துதே" என்றாள். வேறு எதிர்வினை எதுவும் பதிவாகவில்லை.

மாற்றுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தேன். சுண்ணாம்பும் கரியும் பெட்ரோல் புகையும் கலந்த வாசனை ஒன்று எழுந்தது. இத்தனை காலம் கழித்தும் அது தன் வேலையை மறக்கவில்லை. நான்தான் என் வேலையை மறந்து, துணியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய், வருகிற மாசியோடு இரண்டு வருஷம் ஆகிறது. பூரணாங்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் அன்று யாரோ என்னைப் பார்த்து, "கூடவே வேல பாத்தவரு, நாலு வார்த்த சொல்லுங்க" என்றார்கள். எழுந்து, "நல்ல டிரைவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பொய்யில்லை. ஆனால் படிவத்தில் முதல் கட்டத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி இருந்தது. மிச்சக் கட்டங்களை இப்போது நிரப்புகிறேன்.

பாகூர்ப் பக்கத்துச் சின்ன ஆரம்ப சுகாதார நிலையம் அது. நான் எழுத்தர், நீ தினக்கூலி டிரைவர். நான் உன்னை டிரைவரே என்பேன், நீ என்னை ரைட்டரே என்பாய். எழுபதுகளின் நடுவில் ஒரு பழைய ஜீப் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே இரண்டு இலாகாக்களில் உழைத்துக் களைத்த வண்டி. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செலியமேட்டுப் பாதை களியாகக் குழையும்போது மாட்டுவண்டியே அச்சுவரை இறங்கிவிடும். நீ உன் முழங்கால் பக்கத்தில் இருந்த சின்னக் கம்பியை ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், முன் சக்கரங்களும் சேர்ந்துகொண்டு வண்டி முனகியபடி மேலே ஏறிவிடும். அந்த மாதங்களில் பிரசவ வலி எடுத்த பெண்களுக்கு வேறு வாகனம் கிடையாது.

அந்த வருஷ ஐப்பசியில் சைலன்சர் போனது. உப்புக்காற்றும் வாய்க்கால் தண்ணீரும் மாறி மாறித் தின்றதில், இஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுவரும் பைப்பும் அதன் பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பாவும் சல்லடையாகிவிட்டன. சத்தத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நீ செலியமேட்டில் வண்டியைக் கிளப்பினால் இங்கே நான் சொந்தப் புத்தகத்தை மூடிவிட்டு அலுவலகக் கோப்பைத் திறக்க நேரம் இருக்கும். புகைதான் வம்பு. வண்டியின் தரையில் இருந்த ஓட்டைகள் வழியாக ஏறி, நோயாளி படுக்கும் இடத்தில் சுருண்டு நிற்கும்.

டாக்டரம்மா ஒருநாள் பின்னால் உட்கார்ந்து வந்து, இறங்கும்போதே தீர்ப்புச் சொன்னார். "டிரைவர், இந்தப் புகையில ஒரு கர்ப்பிணியப் படுக்க வைக்க மாட்டேன். சரியாகிற வரைக்கும் யாரையும் ஏத்தக் கூடாது."

அதே வாரம் பாண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்டி பழையது, அதிகாரி ஒருவர் நேரில் ஓட்டிப் பார்ப்பார், தகுதி இல்லையென்றால் ஏலத்துக்குப் போகும், வண்டி இல்லாத நிலையத்துக்கு டிரைவர் தேவைப்படாது. நீ இரண்டு முறை படிக்கச் சொன்னாய். இரண்டாவது முறையும் அதேதான் எழுதியிருந்தது.

"ஏலத்துல வண்டியோட சேத்து என்னையும் கூவுவாங்களா ரைட்டரே?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தன. பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது.

புது பைப்பும் சைலன்சரும் கேட்டு நான் முன்பே படிவம் அனுப்பியிருந்தேன். அதிகாரி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது அவை வந்து சேர்ந்தன. சைக்கிள் கொட்டகையில் ஜீப்பை நிறுத்தி, துருப்பிடித்த நட்டுகளில் முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தாய். கூரை ஒழுகியது. நான் குடை பிடித்தேன். குடை உனக்கில்லை, ஸ்பானர்களுக்கு. இரண்டு நட்டு மரியாதையாகக் கழன்றன. மூன்றாவதை ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. பழைய பைப் உன் கையில் அப்பளம் மாதிரி நொறுங்கி மார்பில் கொட்டியது. புதியதைத் தூக்கி வைத்தாய். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அடியிலிருந்து கூப்பிட்டாய்.

"ரைட்டரே, கொஞ்சம் குனி."

குனிந்தேன்.

"இங்க ஒரு தண்டு போவுது பாரு. முன் சக்கரத்துக்கு இதான் சுத்தித் தருது. பைப்பு இத சுத்தி வளைஞ்சி போவணும். இது நேரா வந்து அதும்மேலயே இடிக்குது. பின் சக்கரம் மட்டும் இழுக்கற வண்டிக்குச் செஞ்ச பைப்பு இது. நீ படிவத்துல வண்டி வகைன்ற கட்டத்துல இன்னா எழுதின?"

"ஒண்ணும் எழுதல."

"அதான் வந்துக்குது."

எனக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எழுதுவது அறிவுக்கு இழுக்கு என்று நினைப்பேன். ஜீப் என்றால் ஜீப், அதில் என்ன வகை என்று கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். ஒரு காலிக் கட்டம் ஒரு மனிதனின் வேலையை வாங்கிவிடும் என்பது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "டீ சொல்லு பா" என்றாய்.

மறுநாள் பைப்பைப் பாகூர்க் கொல்லுப் பட்டறைக்குத் தூக்கிப்போனோம். உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, உலையில் சிவக்கக் காய்ச்சி, ஒரு பனங்கட்டையில் அணைத்து வளைத்தார்கள். வளைவு அழகாக வந்தது. வளைவின் வெளிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசலும் வந்தது. அரியாங்குப்பத்து வெல்டிங் பட்டறையில் கேஸ் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. மழையில் லாரி வரவில்லையாம்.

அதற்கு அடுத்த நாள் காலை வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. நோயாளி ஒருவரும் வரவில்லை. அதிகாரி வர இன்னும் ஒரு நாள். பைப்பைப் பொருத்திவிட்டு, விரிசலின் மேல் பால்பவுடர் டின்னை வெட்டிச் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தாய். இஞ்சினைக் கிளப்பினால் ஓரங்களில் புகை சீறியது. வேலை இல்லாத டாக்டரம்மா குடையோடு கொட்டகைக்கு வந்து நின்றார்.

நீ அடியில் படுத்தபடியே கேட்டாய். "டாக்டரம்மா, கால் ஒடைஞ்சி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"எந்த இடத்துல?"

"முட்டிக்குக் கொஞ்சம் கீழ."

டாக்டரம்மா ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரைட்டர், மாவுக்கட்டு நாலு சுருள், ஒரு பேசின்ல தண்ணி" என்றார்.

இஞ்சினை ஆற விட்டோம். டாக்டரம்மா சாக்கை விரித்து, வண்டிக்கடியில் படுத்து, நனைத்த துணியைச் சுற்றுச் சுற்றாக, சுருக்கம் விழாமல், உள்ளங்கையால் நீவி நீவிப் போட்டார். மனிதக் காலுக்குக்கூட அவர் அவ்வளவு பொறுமை காட்டி நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு, "இருபத்துநாலு மணி நேரம் அசையக் கூடாது" என்றார். உனக்குச் சொன்னாரா, ஜீப்புக்கா என்று விளங்கவில்லை. இருவரும் கேட்டுக்கொண்டீர்கள்.

நாலு சுருள் செலவானால் பதிவேட்டில் ஒரு நோயாளி வேண்டும். எழுதினேன். பால்: ஆண். வயது: பதினெட்டு. ஊர்: இதே நிலையம். நோய்: நாள்பட்ட புகைச்சல், முறிவு. சிகிச்சை: மாவுக்கட்டு. பெயர்க் கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றாமல் காலியாக விட்டேன். ஆம், மறுபடியும்.

பகல் ஒரு மணிக்கு அதிகாரி வந்துவிட்டார். மறுநாள் வேறு வேலை இருக்கிறதாம். கட்டுப் போட்டு இரண்டரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர் பாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் படித்த பழைய ஆள். எல்லாம் திருப்தி என்றால் 'த்ரே பியான்' என்பார். திருப்தி இல்லையென்றால் தமிழில் பேசுவார். இது எல்லா நிலையங்களுக்கும் தெரியும்.

"செலியமேடு வரைக்கும் போய் வரலாம்" என்று தமிழில் சொன்னார்.

அவர் முன்னால் உன் பக்கத்தில். நான் பின்னால், தரை ஓட்டைக்கு நேராக மூக்கை வைத்தபடி. ஜீப் கிளம்பியது. அந்த வண்டியில் போகும்போது மழைச் சத்தம் கேட்டது அன்றுதான் முதல் தடவை. புகை இல்லை. ஈரச் சுண்ணாம்பு சூடேறும் வாசனை மட்டும் வந்தது. வாய்க்கால் இறக்கத்தில் தண்ணீர் கரண்டைக்கால் அளவு ஓடியது. வழக்கமாகத் தண்ணீரைச் சிதறடித்துப் போகிற நீ, அன்று தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி போனாய். அந்தப் பக்கம் களி. கம்பியைத் தள்ளினாய். நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டு மேலே வந்தோம். உன் பின்கழுத்தில் மட்டும் மழைக்குச் சம்பந்தமில்லாத ஈரம். அதிகாரி எந்த மொழியிலும் பேசவில்லை.

திரும்பி வந்ததும் பதிவேட்டைக் கேட்டார். அன்றைய தேதியில் ஒரே ஒரு வரி. விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவர், பெயர்க் கட்டத்தில் நின்றார்.

"நாலு சுருள் கட்டு. பேரு இல்ல. யாரு இந்த ஆளு? இப்ப எங்க, எப்படி இருக்கான்?"

டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். நான் பேனா மூடியைத் தேடினேன். அது பேனாவில்தான் இருந்தது. வாசலில் நின்ற நீ தொண்டையைச் செருமினாய்.

"நல்லா கீறாருங்க சார். இப்பதான் உங்கள செலியமேடு வரைக்கும் இட்டுனு போயி இட்டுனு வந்தாரு."

அதிகாரி முதலில் உன் இரண்டு கால்களையும் பார்த்தார். பிறகு வெளியே, மழையில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். குடையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி அடியில் தலையை விட்டார். நாம் மூன்று பேரும் படியில் வரிசையாக நின்றோம். உன் உதடு அசைந்தது. பிள்ளைகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று பல வருஷம் கழித்துச் சொன்னாய்.

எழுந்து வந்தவர் டாக்டரம்மாவிடம் கேட்டார். "கட்ட எப்பப் பிரிப்பீங்க?"

"ஆறு வாரம் சார். சரியான பைப் வந்துட்டா அதுக்கு முன்னாடியே."

"த்ரே பியான்" என்றார்.

வண்டி தகுதியானது என்று எழுதினார். போகும்போது என்னிடம், "பேரு கட்டத்த நிரப்புங்க" என்றார். ஜீப்பின் பதிவு எண்ணை எழுதினேன்.

நாலாவது வாரம் வளைந்த பைப் வந்தது. அந்தப் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, ஓரத்தில் படமும் போட்டிருந்தேன். நீ கட்டை நீளவாக்கில் அறுத்துப் பிரித்தாய். பாதி உடைந்து போனது. மீதியை என் மேசைமேல் வைத்து, "வெச்சிக்கோ ரைட்டரே. படிவம் எழுதறப்ப எல்லாம் எடுத்துப் பாத்துக்க" என்றாய். உனக்கு வேலை நிரந்தரமானது அடுத்த வருஷம். ஜீப் நிஜமாகவே ஏலத்துக்குப் போனபோது உனக்கு வேறு வண்டி கொடுத்தார்கள். அன்று கொட்டகையில் நின்று, "பரவால்ல, தனியாதான் கூவுறாங்க" என்றாய்.

அதன் பிறகு நீ என்னைச் சும்மா விட்டதில்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையை உன்னிடம் கொடுத்தபோதுகூட, பிரிக்காமலே, "மாப்பிள்ள பேரு போட்டியா?" என்று கேட்டாய். இப்போது நான் வங்கியில் ஒரு படிவம் எழுத அரை மணி ஆகிறது. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்தையும் நிரப்பிவிடுகிறேன் என்று கவுண்ட்டரில் இருக்கும் பெண் கோபித்துக்கொள்கிறாள். அவளிடம் ஜீப்பைப் பற்றிச் சொல்லவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது.

மாவுக்கட்டுத் துண்டை மறுபடியும் மேல்தட்டிலேயே வைத்துவிட்டேன். ஊறுகாய் ஜாடியின் மனு நிலுவையில் இருக்கிறது.

அதன் உள்பக்கம் கரியாக இருக்கிறது. வெளிப்பக்கத்தில் பதிவேட்டு எண்ணை நான் மைப்பென்சிலால் எழுதியிருந்தேன். துடைத்தும் போகவில்லை. அதற்கு அடுத்த எண்ணும் அதே தேதியில்தான். அதிகாரி போன அரை மணி நேரத்தில் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று செலியமேட்டிலிருந்து ஒரு ஆள் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்தான். இருபத்துநாலு மணி நேரக் கணக்கை மறந்துவிட்டு, டாக்டரம்மாவே "வண்டிய எடுங்க" என்றார். நீ எடுத்தாய். பெண், வயது இருபத்திரண்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில், 'இன்னும் வைக்கவில்லை' என்று எழுதினேன்.