எட்டும் ஒன்றாகக் காலியாகும் வரை

மார்ச் 3, திங்கள்

ஒருவழியாகப் பிரித்தாகிவிட்டது. பதினாறு சர்வர்கள். நாள்கணக்கில் தானாக ஓடும் நீண்ட கணக்குகளுக்குப் பத்து. எதிரே உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு நான்கு. ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டால் மாற்றுக்கு இரண்டு. இதுவரை எல்லாம் ஒரே மந்தையாக இருந்தது. ஒருவர் பத்து நாள் கணக்கைப் போட்டுவிட்டு விடுமுறையில் போய்விடுவார். இன்னொருவர் ஒரு படத்தைத் திறக்க அரைமணி காத்திருந்துவிட்டு என் கதவை இடிப்பார். இரண்டு வருடமாக இதே பஞ்சாயத்து. இனி நீண்ட கணக்குகள் வரிசையில் நிற்கும், இடம் காலியானால் ஓடும். 'சிபாரிசு கிடையாது' என்று கொட்டை எழுத்தில் அடித்துக் கதவில் ஒட்டினேன்.

இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "இனிமே சண்டை வராதுல்ல?" என்றார். "வராது சார்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

மார்ச் 6, வியாழன்

மூன்று நாளாக ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

தட்டிய முதல் ஆள் அக்கா. வேறு யார்! அவளுக்கு மூன்றாவது மாடி, நீர் ஆராய்ச்சி. எனக்குக் கீழ்த்தளம், இந்தக் குளிர் அறை. கூடப்பிறந்தவள் வேலை பார்க்கிற இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

"ஜட்ஜம்மா, என் கேஸ் எப்போ வரும்?"

அவள் கணக்குக்கு எட்டு சர்வர் வேண்டும், பதினாறு நாள். நாலாம் தேதி வரிசையில் போட்டிருக்கிறாள். "நீதான்க்கா முதல்ல நிக்கிறே, அப்புறம் என்ன?" என்றேன்.

"முதல்ல நின்னு என்னடி பிரயோஜனம்? எனக்கு எட்டும் ஒண்ணா காலியாகணும். ஒண்ணு ரெண்டு கேக்கிறவன் பின்னாடியிருந்து வந்து நுழைஞ்சுடறான். நான் பாட்டுக்கு நின்னுட்டே இருக்கேன்."

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கேன்டீனில் எல்லார் எதிரிலும் சண்டை.

அக்காவுக்கு ஏப்ரல் இரண்டாம் தேதி ஆபரேஷன். இதய வால்வு. டாக்டர் பயமில்லை என்கிறார், அவளும் அதையே சொல்கிறாள். "இன்னிக்கு ஆரம்பிச்சா முப்பதாம் தேதி முடிஞ்சுடும். முடிவைப் பாத்துட்டு நிம்மதியா போய்ப் படுத்துக்கறேன்" என்றாள்.

"முடியாதுக்கா. வேலியே பயிரை மேயுதும்பாங்க."

"முன்னாடி விடச் சொல்லலடி. வரிசையை ஒரு தடவை பாருன்னுதான் சொல்றேன். எங்கேயோ தப்பிருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆபரேஷனைச் சாக்கா வெச்சு சலுகை கேக்காதே."

சொன்ன பிறகுதான் பக்கத்து மேசையில் பேச்சு நின்றது தெரிந்தது. அக்கா டப்பாவை மூடினாள். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என்னை அவள் மேடம் என்று சொன்னதே கிடையாது.

மார்ச் 15, சனி

போன் அடித்தேன், எடுக்கவில்லை. நானும் இரண்டாம் தடவை அடிக்கவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு? விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே?

சொன்ன விதம் தப்பு. அது தெரிகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அக்கா வீட்டுக்காரர் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார். அக்காவுக்கு நர்ஸ் இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தாள். ஏழாம் வகுப்பில் பார்த்த முகம்.

"என் கேஸ் இன்னும் நிக்குதா?" என்றாள்.

"நிக்குதுக்கா."

"பரவால்ல, விடு. எழுந்து வந்து உன்கூட சண்டை போட எனக்கும் ஒரு காரணம் வேணும்ல."

கேன்டீன் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரத்த அழுத்தம் பார்க்க ஆள் வந்துவிட்டார். நாளை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2, புதன்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றுக்கு முடியும் என்றார்கள். இப்போது மணி மூன்று.

ஏப்ரல் 4, வெள்ளி

அக்கா போய்விட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

அம்மா என்னைக் கூப்பிடும்போது அக்கா பெயர்தான் முதலில் வருகிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போது பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். நிறுத்தாதேம்மா. அப்படியே கூப்பிடு. நான் வர்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். மேசையில் அலுவலகக் கடிதம்: அக்காவின் அக்கவுண்டை முப்பதாம் தேதிக்குள் மூட வேண்டும். மூடினால் வரிசையில் நிற்கிற வேலையும் ரத்தாகும். அந்த விதியை எழுதிய புண்ணியவதி நான்தான்.

வரிசையைத் திறந்தேன். முதல் வரி அவளுடையது. 'காத்திருக்கிறது. 48 நாள்.'

திரையை அணைத்துவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் வந்த இருநூற்றுப் பதின்மூன்று வேலைகள் ஓடி முடிந்து போயிருக்கின்றன. எல்லாம் ஒன்று, இரண்டு சர்வர் கேட்ட பொடி வேலைகள். ஒன்று காலியானால் உடனே ஒரு பொடி வேலை நுழைந்துவிடும். எட்டும் சேர்ந்து ஒரு நாளும் காலியாகவில்லை. இன்னும் ஒரு வருடம் நின்றாலும் காலியாகியிருக்காது.

முன்னால் நிற்கிற பெரிய வேலைக்காக, காலியாகிற சர்வர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவைக்கச் சொல்லி, வரிசையை நடத்துகிற நிரலில் ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. விட்டுப்போயிற்று. அவ்வளவுதான்.

அக்கா சலுகை கேக்கவே இல்லை. தப்பைச் சொன்னா. தமிழ்லதான் சொன்னா. மூணாம் மனுஷங்க யாராவது சொல்லியிருந்தா அன்னிக்கே உக்காந்து பாத்திருப்பேன். அக்காங்கிறதாலதான் பாக்கல — பாவி, நான் நேர்மையானவள்னு ஊருக்குக் காட்டணும்ல!

வரியை எழுதினேன். சரிபார்த்த நேரத்தையும் சேர்த்து இரண்டு நிமிஷம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "அஞ்சு மெஷின் சும்மா கிடக்கு, என் வேலை ஏன் போகல?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க நிக்கிறாங்க."

யார் என்றார். சொன்னேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

இன்று காலை 10.40க்கு எட்டும் காலி. ஓடத் தொடங்கியது.

ஏப்ரல் 29, செவ்வாய்

மே பதினைந்து வரை அக்கவுண்டை மூட முடியாது என்று அலுவலகத்துக்கு எழுதினேன். உடனே போன் வந்தது. "ரூல் நீங்க எழுதினதுதானே மேடம்?"

"ஆமாங்க. எழுதினவளே கேக்கறேன், பதினைஞ்சு நாள் கொடுங்க."

கொடுத்தார்கள். இவ்வளவு சுலபமா சலுகை கேட்பது?

மே 3, சனி

பத்தாவது நாள். ஏழாம் நம்பர் சர்வரில் விசிறிச் சத்தம் சரியில்லை. நிறுத்தி மாற்றினால் பத்து நாளும் வீண். வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரே வைத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.

மே 10, சனி

11.05க்கு முடிந்தது. பிழை எதுவும் இல்லை.

மே 12, திங்கள்

கோப்பைத் திறந்தேன். நாற்பதாயிரம் வரி, முழுக்க எண்கள். நல்ல முடிவா, கெட்ட முடிவா? எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஒன்பது வருடம் ஒரே கட்டடம். அவளுடைய வேலை எத்தனை சர்வர் கேட்கும், எத்தனை மணி ஓடும், எவ்வளவு இடம் பிடிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. எதற்காக அதைப் போட்டாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாவது மாடிக்குப் போனேன். அக்காவோடு ஒரே அறையில் இருந்த தாடிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். கோப்பை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லதா வந்திருக்குங்களா?" என்றேன்.

"ஒரு வார்த்தையில சொல்ற விஷயம் இல்ல மேடம். முதல்லேருந்து சொல்லணும். அவங்க உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

"நான் கேட்டதே இல்லைங்க."

அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "கடல்கிட்ட ஒரு கிணறு இருக்குன்னு வெச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். மழை குறைந்தால் அந்தக் கிணற்றில் எத்தனை வருடத்தில் உப்பு ஏறும், எத்தனை பேர் அந்தத் தண்ணீரைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதுவரை வந்தார். புரியாத இடத்திலெல்லாம் நிறுத்திக் கேட்டேன். ஒரே கேள்வியை மூன்று தடவைகூடக் கேட்டேன். அக்காவாக இருந்தால் "மக்கு, மக்கு" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். இவர் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொல்கிறார்.