குழிமேல் வைத்த ஸ்பீக்கர் பெட்டி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் தம்பியின் கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். கூட்டத்தில் அம்மா பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்குப்பா அரசியல் என்று கேட்டு அனுப்பியிருந்தாய். போனில் சொன்னால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நம் வாசலுக்கு நேரே பாதாளச் சாக்கடையின் மூடி உடைந்து மாதக்கணக்காகிறது. சொல்லிப் பார்க்காத ஆளில்லை. மழையன்று தெருவெல்லாம் தண்ணீர், குழி எது தரை எது என்று தெரியவில்லை, வேலை முடிந்து வந்த தம்பி, வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே குழிக்குள் போய்விட்டான். எதிர்வீட்டுத் தையல்காரர் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்குக் கவுன்சிலர் வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். தேர்தலில் அவரிடம் தோற்றவர் வந்தார், அதே கட்டிலில் அதே பக்கம் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். குழியை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு பள்ளிக்கூட ஹாலில் குறை கேட்கும் கூட்டம். மைக் செட் நம்முடையது. உனக்குத் தெரியும், யார் பேசினாலும் நான் ஆம்ப்ளிஃபயரைத்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்கமாட்டேன். கவுன்சிலர் எழுந்து, ஒரு பையனின் காலை வைத்து எதிர்க்கட்சி அரசியல் செய்கிறது என்றார். தோற்றவர் எழுந்து, அப்படிச் சொல்வதுதான் அரசியல் என்றார். கைதட்டல். மறுபடி இவர், மறுபடி அவர். ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், அரசியல் என்பதைக் கெட்ட வார்த்தை போல ஒருவர்மேல் ஒருவர் துப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சத்தம் கூட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். அம்மா எழுந்தாள். அதெல்லாம் இருக்கட்டும், மூடி எப்போங்க போடுவீங்க என்றாள். அவ்வளவுதான். கவுன்சிலர் சிரித்துக்கொண்டே, யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருக்கீங்க, தயவுசெஞ்சு இதுல அரசியல் பண்ணாதீங்கம்மா என்றார். தோற்றவரும் தலையாட்டினார். அன்று முழுக்க அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் உன் அம்மாதான்.

நான் மேடை மைக்கின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். கார்ட்லெஸ் மைக்கை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. மூடி எப்போங்க போடுவீங்க. ஹால் முழுக்கக் கேட்டது. மேடையில் இரண்டு வாய்கள் அசைந்தன, சத்தமில்லை. நீ பார்த்தது அதைத்தான்.

பதில் இன்னும் வரவில்லை. இரண்டு கட்சியும் இனி நம் மைக் செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நீங்க எந்தப் பக்கம் என்று விசாரிக்க ஓர் ஆள் வந்தான். குழிக்கு இந்தப் பக்கம் என்று சொல்லி அனுப்பினாள் அம்மா. வேலையில்லாமல் கிடந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியை நானும் தையல்காரரும் தூக்கிப்போய்க் குழிமேல் கவிழ்த்து வைத்திருக்கிறோம். இப்போது எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நேற்று கவுன்சிலரிடமிருந்து ஆள் வந்தது, பெட்டியை எடுக்க வேண்டுமாம், நடுத்தெருவில் நான் அரசியல் செய்கிறேனாம். ஆமாம் செய்கிறேன், மூடியைக் கொண்டுவாருங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

அம்மாவிடம் பேசும்போது அரசியல் எதற்கு என்று கேட்காதே. தம்பியின் கால் எப்படி இருக்கிறது என்று கேள். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு வரும்போது வாசலில் பார்த்து நட, பெட்டி அங்கேதான் இருக்கும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா