முனியாண்டிக்குப் படைத்த சுருட்டு

பங்குனி 6, வெள்ளி

விடிய நல்ல பனி. எதிர் லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு வைத்து, சாம்பிராணி போட்டு, மரக்கறிப் பாத்திக்கு இறங்கினேன். போஞ்சிக் கொடியில் கறுப்புப் பூச்சி இல்லை. போன கிழமை நுனியெல்லாம் அப்பிக் கிடந்தது. இன்றைக்கு அங்கொன்று இங்கொன்று, அதுவும் செத்தது.

எல்லாம் முனியாண்டி செயல். பூசை முடிந்து பதினோராம் நம்பர் மலையில், மரத்தடியில், படைத்த சுருட்டெல்லாம் மழையில் நனைந்து கிடந்தது. குடிக்கவும் ஆகாது. சாமிக்குப் படைத்ததை நாலு பேர் காலில் மிதிபட விடலாமா. மடியில் அள்ளி வந்தேன். வாளியில் ஊற வைத்து, ஒரு கொப்பை ஒடித்துத் தெளித்தேன். தெளித்துவிட்டுக் கும்பிட்டேன். அவ்வளவுதான் செய்தது.

இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது. குழுவுக்கு வொய்ஸ் போட்டேன். நீளமாகப் போய்விட்டது, அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. மருமகள் சுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழு என்றால் சுகந்தி மிஸ் தொடங்கியது. கடை உரம், கடை மருந்து இல்லாமல் மரக்கறி போடுகிற பொம்பளைகளுக்கு. மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விவசாய ஆபிசில் இருக்கிறார். அங்கிருந்து வருகிற தாளெல்லாம் சிங்களம். விபரம் கேட்கிற நம்பருக்கு அடித்தால் சிங்களத்தில் ஒரு குரல், பிறகு பாட்டு, பிறகு கட். மிஸ் ஒரு ஆள் எத்தனை தோட்டத்துக்கு ஓடுவார். அதனால் ஒருத்திக்குத் தெரிந்ததை இன்னொருத்திக்குப் போனில் சொல்கிறோம். நான்தான் அதிகம் சொல்கிறேனாம். ரேடியோ அக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். ரேடியோவைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்களே.

சூடம் முடிந்தது. விளக்கெண்ணெயும்.

பங்குனி 7, சனி

காற்று. பந்தல் குச்சி இரண்டு சாய்ந்துவிட்டது. சுதாவின் அப்பா வந்து கட்டித் தந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், சீனி போதவில்லை என்றார். அவருக்கு எப்பவும் போதாது.

போன் முழுக்கப் பதில். கும்பிடுகிற கை, பூ, பூ. பெருமையாகத்தான் இருந்தது.

மடுல்சீமை லெட்சுமியும் வொய்ஸ் போட்டிருந்தாள். மிஸ் பதுளையில் வைத்த குழுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை. இரண்டு பொம்பளைப் பிள்ளைகளுக்குத் தாய். அவள் இருக்கிற பக்கம் பாதை படுமோசம், எந்த ஆபிசரும் போவதில்லை. சிக்னலும் லயத்துக்கு மேலே ஒரு கல்லில் ஏறினால்தான். தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்து அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் என் வொய்ஸ் எல்லாம் கேட்பாளாம். அவங்க கோயிலில் சுருட்டு மிச்சமில்லை, கடைப் புகையிலை போடலாமா என்று கேட்டாள்.

தாராளமாகப் போடு, நன்றாகக் கொதிக்க வை, சாரம் இறங்கட்டும் என்று சொன்னேன். சாமியை நினைத்துக்கொண்டு ஊற்று என்றும் சொன்னேன்.

பங்குனி 8, ஞாயிறு

பகலெல்லாம் புழுக்கம். அந்திக்கு இடி, மழை. கோழியை அடைக்க ஓடினதில் கால் வழுக்கி முட்டி தேய்ந்துவிட்டது.

விளக்கு வைத்து நிமிரும்போது சுதா போனைக் கொண்டுவந்தாள். லெட்சுமிக்கு வாந்தி. தலை சுற்றி விழுந்து, வாயில் எச்சில் வடிந்து, கை கால் உதறிப் போய்விட்டதாம். வேறு வாகனம் இல்லை, கொழுந்து லொறியில் போட்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம். அவள் புருஷன் முருகேசு சொன்னதாக அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று குழுவில் போட்டிருந்தது.

மத்தியானம்கூட நன்றாக இருந்திருக்கிறாளே. ஏதோ பழசைத் தின்றிருப்பாள் என்று நினைத்தேன். இஞ்சியும் மல்லியும் அவித்துக் கொடுங்கள் என்று குழுவில் சொன்னேன். மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்தேன்.

சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

பங்குனி 9, திங்கள்

இதை எழுத வேண்டுமா என்றிருக்கிறது. எழுதாமலும் முடியவில்லை.

காலை பஸ்ஸில் பதுளை. கையில் திருநீறும், கரைத்துக் குடிக்க மோல்ட் மா பக்கெட்டும். வார்டில் லெட்சுமி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்து, வேர்த்து, ஆனால் குளிர் என்று நடுங்கினாள். இராத்திரி கொஞ்சம் தெளிந்தாளாம். விடிய குளிருக்கு, வரும்போது போட்டிருந்த ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டாளாம், மறுபடி வாந்தி. நான் நெற்றியில் திருநீறு பூசினேன். என்னைப் பார்த்து அக்கா என்று சொல்லப் பார்த்தாள்.

டொக்டர் வந்தார். தமிழ் டொக்டர், யாழ்ப்பாணப் பேச்சு. முருகேசுவிடம் என்ன மருந்து அடித்தாள் என்று கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மருந்தே அடிக்கலீங்க ஐயா. நேத்தும் கேட்டாங்க. நாங்க இயற்கைங்க."

"ஒண்டும் அடிக்கேல்லை எண்டால் இது எப்பிடி வந்தது? தோட்டத்துக்குள்ள என்ன செய்தவா?"

"போஞ்சிக்குச் சாமி தண்ணிதாங்க ஊத்துனா. இந்தாங்க, கேட்டுப் பாருங்க. நல்ல அம்மா ஒருத்தங்க சொல்லித் தந்தது."

அவன் போனை எடுத்துத் தட்டினான். வார்டுக்குள் என் குரல்.

"புகையிலையும் ஒரு எலதானே. நான் தெனம் வாயில போடுறேன், எனக்கு என்ன ஆச்சு? முனியாண்டியே ஏத்துக்குறாரு. அதுல ஒரு கெடுதலும் இல்ல, பயப்படாம ஊத்துங்க."

என் குரல்தான். சிரிப்பும் என்னுடையதுதான், நடுவில் சேவல் கூவுவதும் எங்கள் வீட்டுச் சேவல்தான். வெளியில் இருந்து கேட்கும்போது எவ்வளவு உறுதியாக இருக்கிறது. நானே நம்பியிருப்பேன்.

டொக்டர் முழுவதும் கேட்கவில்லை. கட்டிலுக்குக் குனிந்து அந்த ஸ்வெட்டரை மோந்து பார்த்தார். நர்சைக் கூப்பிட்டு சிங்களத்தில் படபடவென்று சொன்னார். ஸ்வெட்டரைக் கழற்றி பையில் கட்டினார்கள். லெட்சுமியைத் தூக்கிப் போய் சவர்க்காரம் போட்டு உடம்பெல்லாம் கழுவினார்கள். முருகேசுவைத் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. தோட்டத்து மருந்து டாங்கி ஒன்றை இரவல் வாங்கி, புகையிலைச் சாற்றை நிரப்பி, முதுகில் மாட்டி அடித்திருக்கிறாள். டாங்கி ஒழுகியிருக்கிறது. முதுகெல்லாம் நனைந்து, பகல் முழுக்க ஸ்வெட்டர் ஊறி. தோல் வழியாகவே உள்ளே போகுமாம். நான் வாயில் போடுவது துளி, பழகின உடம்பு. இவள் கொதிக்க வைத்து இறக்கியது விஷமாம். டொக்டர் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

பிறகு முருகேசுவைப் பார்த்து, "இது ஆரின்ர குரல்?" என்றார்.

அவனுக்கு நான்தான் என்று தெரியாது. அவன் என்னைப் பார்த்ததே இல்லை. லெட்சுமி குளியலறையில். நான் பேசாமல் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம்.

"நான்தாங்க" என்றேன்.

டொக்டர் திட்டவில்லை. முருகேசுவும் திட்டவில்லை. உட்கார ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டான். அதுதான் தாங்கவில்லை.

மோல்ட் பக்கெட்டைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பங்குனி 10, செவ்வாய்

பனி. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை. தலை இடிக்கிறது, வாய் நமநமவென்கிறது. புகையிலை என் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

லெட்சுமி எழுந்து உட்கார்ந்தாளாம், கஞ்சி குடித்தாளாம். முருகேசு போன் பண்ணினான். மாரியம்மா, தாயே.

மத்தியானம் சுகந்தி மிஸ் வந்தார். மழை அங்கி கூடக் கழற்றவில்லை, நேரே பாத்திக்கு இறங்கிப் பார்த்தார். புகையிலைத் தண்ணி ஊற்றக்கூடாது என்று பதுளைக் கூட்டத்திலேயே சொன்னாராம்.

"நான் சொல்லேக்க நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள் அம்மா. பக்கத்தில லெட்சுமி."

ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு லெட்சுமிக்குக் கதிர்காமம் போன கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவளையும் கேட்க விடவில்லை.

இயற்கையில் கிடைக்கிறதெல்லாம் ஆகும் என்றில்லையாம். அரளியும் இயற்கைதான் என்றார் மிஸ். இதைச் சின்னப் பிள்ளையிலேயே தெரியும் எனக்கு. அரளிக்கொட்டை தின்று செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் புகையிலை சாமிக்கு முன்னால் இருந்ததே, அங்கே புத்தி போகவில்லை.

பதுளைச் சந்தையில் நாங்கள் மரக்கறி விற்கிற குழு மேசைக்கு என் போஞ்சி இந்த முறை ஆகாது. அந்த வொய்ஸைக் கேட்டு ஊற்றின எல்லாருடையதும் ஆகாது. மேல் லயத்து மாரியாயி தண்ணி பிடிக்கிற பீலியில் வைத்து, ரேடியோவுக்கு பேட்டரி எப்பதான் முடியும் என்று கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பதில் சொல்லாமல் நான் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பங்குனி 11, புதன்

வெயில். போஞ்சி எல்லாவற்றையும் பறித்துக் குழியில் போட்டேன். நல்ல பிஞ்சு. மிஸ் சொன்னபடி கையுறை போட்டுத்தான் பறித்தேன்.

குழுவில் இருந்து வொய்ஸை அழித்துத் தரச் சுதாவிடம் சொன்னேன். நேரம் கடந்துவிட்டது, இனி எல்லார் போனிலும் இருப்பது போகாது என்றாள் சுதா. மிஸ் அதன் கீழே எச்சரிக்கை போட்டிருக்கிறார். சரி, குழுவுக்குள் தானே என்று இருந்தேன்.

அந்திக்கு ஹல்துமுல்லையில் இருந்து என் தங்கச்சி ஏதோ அனுப்பியிருந்தாள். கீழே, அக்கா நீயும் தோட்டம் போடுறியே, இதைக் கேள், யாரோ ஒரு அம்மா நல்ல வழி சொல்றாங்க என்று எழுதியிருந்தாள். தட்டினேன்.

என் சேவல் கூவியது.

கூடப் பிறந்தவளுக்கே என் குரல் என்று தெரியவில்லை. பல போன் மாறி, கரகரத்து, யாரோ ஒரு அம்மாவாக வந்திருக்கிறேன். உடனே போன் போட்டேன். அவள் சம்பந்தி வீட்டில் இருந்து வந்ததாம். அவர்களுக்கு எங்கிருந்தோ. அடித்துவிட்டாயா என்று கத்தினேன். இல்லை, புகையிலை வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றாள். நிறுத்து என்று சொல்லி, அழுதுவிட்டேன். அவள் பயந்து போனாள்.

"அத்த, அது இனி போற எடத்துக்கெல்லாம் போகும்" என்றாள் சுதா. "பின்னாலேயே இன்னொன்னு அனுப்புங்க. அதுவும் போகட்டும்."

இருந்து பேசினேன். முனியாண்டி பூசையில் தொடங்கி, மழை, மடி, வாளி எல்லாம் சொல்லி, நடுவில் அழுது, லெட்சுமி நல்ல பிள்ளை என்று சொல்லி. சுதா கேட்டுவிட்டு, இவ்வளவு நீளத்தை யாரும் கடைசி வரை கேட்க மாட்டாங்க அத்த, விஷம்ங்குற சொல்லு வர்றதுக்குள்ள அடுப்புல புகையிலை கொதிச்சிரும் என்றாள். சிரிக்கவில்லை அவள். நானும்.

மறுபடி மறுபடி பேசி, குறைத்துக் குறைத்து, கடைசியில் இதுதான் போனது:

"புகையில தண்ணி ஊத்தாதீங்க. அது வெசம். ஒரு பொம்பள சாகப் பாத்தா. மொதல்ல சொன்னவ நான்தான், ஹாலிஎல பாக்கியம்."

என் பேரை எந்த வொய்ஸிலும் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பங்குனி 13, வெள்ளி

பனி இல்லை. வானம் கழுவினமாதிரி.

பதினோராம் நம்பர் மலைக்குப் போனேன். தேங்காய், சூடம். யாரோ புதிதாகச் சுருட்டு படைத்திருக்கிறார்கள். பூசாரி ராமையா அண்ணன் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கும் வந்துவிட்டது.

"சுருட்ட அள்ளிக்கிட்டுப் போறியா பாக்கியம்?"

"வேண்டாம்ண்ணே."

"முனியாண்டி குடிப்பாரு. போஞ்சிக்கு ஊத்துன்னு அவரு எப்ப சொன்னாரு?"

சூடத்தை ஏற்றிக் கும்பிட்டேன். சாமியை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. என் வாயில் வந்ததை அவர் பேரில் போட்டுவிட்டேனே. மாவிளக்கு அம்மனுக்கு. இவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

லெட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று முருகேசு சொன்னான். நடக்கிறாளாம், கொழுந்துக்கு இன்னும் போகவில்லை. குழுவை விட்டுப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். என் நம்பரையே அழித்திருப்பாள் என்று.

பகல் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது போன். அவள் வொய்ஸ். காற்று இரைச்சல். அந்தக் கல்லில் ஏறித்தான் பேசியிருக்கிறாள், அந்த உடம்போடு. மூச்சு வாங்குகிறது.

"அக்கா, நான் நல்லாயிருக்கேன். அத அடிச்ச கொடியெல்லாம் புடுங்கிட்டோம். மத்தப் பாத்தியில பூச்சி இன்னும் அப்படியே இருக்குக்கா. இப்ப என்னக்கா செய்யிறது?"

கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னிடமா கேட்கிறாள். இன்னுமா. அதட்டியிருந்தால், சாபம் விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வாயில் வந்தது நிறைய. சாம்பல் தூவு, பூண்டு அரைத்து ஊற்று, கோமியம் தெளி. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. எது சரி, எது அவளுக்கு ஆகாது, எந்த அளவு, எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை நாளும் தெரிந்தமாதிரிப் பேசியிருக்கிறேன்.

பட்டனை அழுத்திப் பிடித்தேன். சுதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. மிஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஒன்னும் ஊத்தாத."

மிஸ்ஸுக்கு அடித்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், எடுத்ததும் அவர் சொல்கிறபடியே, ஒரு சொல் கூட்டாமல் எழுதிக்கொள்ள. மறுபடி அடிக்கிறேன். மணி போகிறது.